பழுக்காத நாலு குலை

அத்தியாயம் 9

பரமலிங்கத்தின் பின்மண்டை அவனுடைய அறைச் சுவரில் மோதிய வேகத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வின்சன்ற் அவனுடைய சேர்ட்டுக் கழுத்தை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்து, இன்னொரு தடவை மோதுவதற்காக முன்னுக்கு இழுத்தான்.

"வின்சன்ற், விடும்!" என்று சின்னத்தங்கம் அதட்டினார். "சாட்சியை உடைக்கப் போறீர்."

"உவன் சாட்சியே அக்கா? உவன் கொலைகாரன்!"

"நான் உவரைச் சொல்லேல்லை. உம்மடை முழங்கைக்குக் கீழை கிடக்கிற பெட்டியைச் சொல்லுறன்."

வின்சன்ற் குனிந்து பார்த்தான். மேசையில் ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் பதினெட்டுத் தக்காளிக் கன்றுகள், விரல் உயரத்துக்கு மேல் வளராமல் குறண்டிப்போய் நின்றன. இதுகளுக்காகவா ஒரு மனிசனை விடச் சொல்லுகிறார் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கையை எடுத்தான். பரமலிங்கம் சுவரோடு சரிந்து உட்கார்ந்து இருமினான்.

வின்சன்றின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், இதே திருநெல்வேலியில், இந்த அறையிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி, ஞானாம்பிகை என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டு வாசலில் காவல்காரர் முத்துக்குமாருவை யாரோ அலவாங்குக் கம்பியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டியிருந்த சாரத்தைப் பார்த்துத்தான் வின்சன்ற் ஆளை அடையாளம் காட்டினான். முத்துக்குமாரு பதினொரு வருடம் பஸ் ஓட்டியவர். அந்தப் பதினொரு வருடமும் அவருக்குப் பின்னால் நின்று ரிக்கற் கிழித்தவன் வின்சன்ற். பென்சன் எடுத்தபிறகு சும்மா இருக்க ஏலாதென்று புலம்பியவருக்கு அந்தக் காவல் வேலையைத் தேடிக் கொடுத்தவனும் அவன்தான்.

அன்றைக்கே ஞானாம்பிகையையும் காணவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

போர் நடந்துகொண்டிருந்த, பொலிஸ்காரர்கள் ஸ்ரேசனை விட்டு வெளியே தலைகாட்டாத எண்பத்தாறாம் ஆண்டு. ஆகவே ஞானாம்பிகையின் தாய் செல்வநாயகி நேரே சின்னத்தங்கத்திடம் வந்தார். "பிணமாய் எண்டாலும் என்ரை பிள்ளையைத் தேடித் தாங்கோ" என்று கையைப் பிடித்தார். "உயிரோடை தாறன்" என்று சின்னத்தங்கம் சொல்லிவிட்டார். சொன்ன நேரத்திலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது வின்சன்றுக்குத் தெரியும்.

சின்னத்தங்கம் பதினேழு வருடம் பயிர்க் காப்புறுதிக் கந்தோரில் பரிசோதகராக இருந்தவர். வெள்ளம் அழித்தது, பூச்சி தின்றது என்று சொல்லி வந்த ஆயிரம் பொய்யை இலையைத் திருப்பிப் பார்த்தே பிடித்தவர். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு மனிசரின் பொய்யைப் பிடிக்க வெளிக்கிட்டிருந்தார்; வின்சன்றும் பஸ்ஸை விட்டு அவருக்குக் கார் ஓட்ட வந்திருந்தான். மனிசர் இலையை விட லேசு, அதுகளுக்கு வாய் இருக்கு என்பார்.

"தம்பி, எழும்பி இருந்து ஆறுதலாய்ச் சொல்லும்" என்றார் பரமலிங்கத்திடம். "செவ்வாயிலிருந்து எங்கை இருந்தனீர்?"

பரமலிங்கம் ஞானாம்பிகையோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவன். வயது இருபத்தெட்டு. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்று அவனுக்குக் கிடைக்க இருந்தது. அவனுடைய அளவுகள் கள்ள அளவுகள் என்று ஞானாம்பிகை மேலிடத்துக்குக் கடிதம் எழுத இருந்ததாகத் தாய் சொன்னார். ஊரை விட்டுத் தப்பிப் போகிற ஒரே வழியை ஒரு கடிதம் அடைக்கப் போகிறதென்றால் யாருக்கும் கை நீளும்.

"இந்த அறையை விட்டு நான் வெளிக்கிடேல்லை, அன்ரி." அவன் உதட்டு இரத்தத்தைத் துடைத்தான். "நான் சொன்னா நம்பமாட்டியள். கன்றுகளைப் பாருங்கோ. கன்றின்ரை நுனியிலை ஒட்சின் எண்டொரு ஹோர்மோன் ஊறும். அது கீழை இறங்கித் தண்டை நீட்டும். இந்த விளக்கிலையிருந்து வாறது கழியூதா ஒளி. வெயிலுக்குள்ளையும் இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியாது. அது ஒட்சினைக் குலைச்சுப்போடும். அதோடை கன்றும் எதிலீன் எண்ட வாயுவை விடும். அதுவும் ஹோர்மோன்தான், வளராதை எண்டு மறிக்கிற ஹோர்மோன்."

"கன்றுக்கும் மாமியார் இருக்கிறா போலை" என்றான் வின்சன்ற்.

"விளக்கை மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் கையாலை போட்டு நிப்பாட்ட வேணும். நான் இஞ்சை இல்லாட்டி இதுகள் வளர்ந்திருக்கும். விளக்குக் காட்டாத பெட்டி அந்தா கிடக்கு. ஒரு சாண் உயரம்."

உண்மைதான். யன்னலடியில் இருந்த பெட்டியில் கன்றுகள் ஒரு சாண் உயரத்துக்குக் கொழுத்து நின்றன. வின்சன்றுக்கு உள்ளங்கை நமநமத்தது. பொய்க்காரனுக்குத் தக்காளி சாட்சி சொல்லுகிற காலமும் வந்துவிட்டதே என்று நினைத்தான்.

சின்னத்தங்கம் குறண்டிய கன்றுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு இலையைக் கசக்கி மணந்தார். "இலையை ஒண்டும் பார்க்கிறேல்லையோ தம்பி?"

"உயரம்தான் அளக்கிறனான். அறிக்கைக்கு அது போதும்."

"சரி. அப்ப வாறம்."

வின்சன்ற் வாயைப் பிளந்தான். "வாறமோ? எங்கை வாறம்?"

"காருக்கு."

மொறிஸ் மைனரின் கதவைச் சாத்தியதும் சின்னத்தங்கம் கைப்பையைத் திறந்தார். உள்ளே, வேரோடு மண்ணோடு, ஒரு தக்காளிக் கன்று கிடந்தது.

"களவெடுத்தனீங்களோ? அதுவும் நீங்களோ!"

"கதைக்காமல் இதை வாசியும்."

அது கொலை நடந்த வாசலில் கிடந்த ஞானாம்பிகையின் ஆராய்ச்சிக் குறிப்புக் கொப்பி. அட்டையில் முத்துக்குமாருவின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வின்சன்ற் அதில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு வாசித்தான். 'ஒட்சின் தெளித்தாலும் சரி, எதிலீனைத் தடுத்தாலும் சரி, விளக்கின் கீழ் மூன்று நாள் நின்ற கன்றின் மேல் இலை வெண்கல நிறமாகிறது. உயரத்தை ஹோர்மோன் மாற்றுகிறது, நிறத்தை மாற்றவில்லை. கன்று தனக்குத் தானே குடை பிடிக்கிறது.'

"இந்தக் கன்றின்ரை மேல் இலை என்ன நிறம்?" என்று கேட்டார் சின்னத்தங்கம்.

"பச்சை. நல்ல பச்சை."

"காம்பைப் பாரும். தண்ணி இல்லாமல் வாடினா இலை தொய்யும். இதிலை இலை விறைப்பாய் நிக்குது, காம்பு மட்டும் கீழை மடங்கிக் கிடக்கு. இது விளக்கைக் கண்ட கன்று இல்லை, வின்சன்ற். எதிலீன்தான் குறள வைச்சிருக்கு. ஆனா அது கன்று விட்ட எதிலீன் இல்லை. வெளியிலையிருந்து வந்தது."

"அது எந்தக் கடையிலை விக்குது?"

"மணந்து பாரும்."

வின்சன்ற் மணந்தான். தக்காளி மணத்துக்கு மேலால் அடித்தது புகை மணம். தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை.

"எண்பத்தொண்டிலை ஒருத்தர் தக்காளிக்கு நோய் எண்டு காப்புறுதி கேட்டு வந்தார். போய்ப் பார்த்தன். இதே மாதிரிக் காம்பு மடங்கின கன்றுகள். நோயும் இல்லை, பேயும் இல்லை. பக்கத்துக் கொட்டிலிலை கிடங்கு வெட்டி, வாழைக்குலையை அதுக்குள்ளை மூடிப் புகை போட்டிருக்கினம். புகைக்குள்ளை இருக்கிறது எதிலீன். அதுதான் காயைப் பழுக்க வைக்கிறது. கிடங்காலை கசிஞ்சது கன்றுகளைக் குறள வைச்சிட்டுது. உவர் மூண்டு நாளும் அந்த மாதிரி ஒரு கொட்டிலுக்குள்ளை இருந்திருக்கிறார், அறிக்கைக்கு வேணுமெண்டு கன்றுகளையும் கொண்டு போய். குறண்டினதைக் கண்டு நல்ல காலம் எண்டு நினைச்சிருப்பார். அளக்கிறது உயரம் மட்டும்தானே."

வின்சன்ற் காரை உதைத்துக் கிளப்பினான். "நீர்வேலி ஏரம்பர்! உவன்ரை தாய்மாமன். கிழமைக்கு நாப்பது குலை எங்கடை பஸ் கூரையிலை ஏத்துவார். ரிக்கற் எடுங்கோ எண்டா, குலை உம்மட சனத்தை விட அமைதியாய் வருகுது எண்டுவார். புகை போடுற கொட்டில் வளவுக்குள்ளையே இருக்கு."

கோப்பாய் தாண்டும்போது ஆமி ஹெலிகொப்ரர் வந்தது. வின்சன்ற் காரை ஒரு புளியமரத்துக்குக் கீழே சொருகினான். றோட்டில் வரிசையாகச் சூடு விழுந்து தார் தெறித்தது. முன்னால் சைக்கிளில் போன ஒருவர் சைக்கிளோடு விழுந்து, எழும்பவேயில்லை. ஹெலி போனபின் வின்சன்ற் ஓடிப்போய்ப் பார்த்தான். உயிர் இல்லை. பக்கத்து வீட்டார் பாயோடு வந்தார்கள். அவன் காருக்குத் திரும்பினான். இரண்டு மைல் தூரம் பகிடி ஒன்றும் வரவில்லை.

ஏரம்பரின் வளவில் வாழைகளுக்கு நடுவே தகரக் கொட்டில் ஒன்று நின்றது. கொட்டிலை ஒட்டிக் கிழக்கே ஒரு பதுங்குகுழியின் மண்மேடு. அதைச் சுற்றி முள்ளுக் கொப்பு அடுக்கி, நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அறுபது வயது ஏரம்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர், கொண்டக்டர் தம்பியே? பார்த்து வா, அந்த மேட்டுப் பக்கம் போயிடாதை. பங்கருக்குள்ளை வெடிக்காத ஷெல் கிடக்கு."

சின்னத்தங்கம் நின்று கதைக்கவில்லை. நேரே கொட்டிலுக்குள் புகுந்து, கிடங்கை மூடியிருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டுப் பலகையை இழுத்தார்.

"எடி! திறக்காதை! குலை பழுதாப் போகும்!" ஏரம்பர் மண்வெட்டியோடு பாய்ந்து வந்தார்.

மறிக்கப் போன வின்சன்றின் தோளில் மண்வெட்டிப் பிடி விழுந்தது. தோள்மூட்டு விறைத்துப் போனது. மற்றக் கையால் கிழவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவன் விழ, இருவரும் வாழைச் சேற்றில் உருண்டார்கள். ஏரம்பர் அவன் காதைக் கடித்தார். அவன் முழங்காலால் அவருடைய நெஞ்சில் இடித்தான். அறுபது வருடம் வாழை சுமந்த உடம்பு, அசையவில்லை. கிழவரின் இரண்டு கையும் வின்சன்றின் தொண்டையில் இறுகின. கண் இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் டங் என்றொரு சத்தம். கையில் கார் ஸ்ராட்டிங் கம்பியோடு சின்னத்தங்கம் நின்றார். ஏரம்பர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உருண்டார்.

"கொலைக்குக் கூட்டு நிண்டதுக்கு இது காணாது" என்றான் வின்சன்ற், மூச்சு வாங்க.

"என்ன கொலை? ஆரை? உங்களுக்கு விசரே!"

வின்சன்ற் கிடங்குக்குள் குதித்தான். ஒற்றைக் கையால் குலைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எறிந்தான். பத்து, இருபது, முப்பது. அடியில் விரித்த சருகு வந்தது. சருகுக்குக் கீழே செம்மண்; புகை மண்டிச் சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஞானாம்பிகை இல்லை. ஒரு வளையல் துண்டு கூட இல்லை.

வாசலில் மோட்டார்ச் சைக்கிள் வந்து நின்றது. பரமலிங்கம் இறங்கி, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நடந்து வந்தான். "பதினெட்டுக் கன்று, அன்ரி. இப்ப பதினேழு கிடக்கு. கேட்டா நானே தந்திருப்பனே."

"மருமோன்!" என்று ஏரம்பர் கத்தினார். "இதுகள் என்னைக் கொல்லப் பாக்குதுகள்! நீ காலமைதானே போனனி, போகாமல் இருந்திருக்கலாம்!"

பரமலிங்கத்தின் முகம் ஒரு கணம் மாறிப் பழையபடி வந்தது. "சரி, பொய் சொன்னனான். பயத்திலை மாமா வீட்டை வந்து இருந்தனான். மாமா வீட்டிலை இருக்கிறது குற்றமே? தேடுங்கோ. தேடி முடிச்சிட்டு மாமாவின்ரை குலைக்குக் காசைக் குடுத்திட்டுப் போங்கோ."

வின்சன்ற் கிடங்குக்குள் நின்றபடி சின்னத்தங்கத்தைப் பார்த்தான். இப்படித் தோற்றுப்போன முகத்தோடு அவரை அவன் கண்டதில்லை. உயிரோடை தாறன் என்று தாயிடம் சொன்னவர். அவர், அவன் வெளியே எறிந்த குலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் குந்தினார்.

"ஏரம்பண்ணை, எப்ப புகை போட்டனீங்கள்?"

"புதன் காலமை. ஏன்?"

"எல்லாக் குலையும் ஒரே நாளிலை வெட்டினதோ?"

"ஒரே நாள். ஒரே பாத்தி."

"எல்லாம் நல்ல மஞ்சள். இந்த நாலு குலை மட்டும் ஏன் பச்சைக் காயாய்க் கிடக்கு? வின்சன்ற், இதுகளை எந்த மூலையிலையிருந்து எடுத்தனீர்?"

வின்சன்ற் கையை நீட்டினான். "கிழக்கு மூலை."

"அந்த மூலைக்குப் புகை பிடிக்கேல்லை. காத்து உள்ளை வருகுது." சின்னத்தங்கத்தின் குரல் உயர்ந்தது. "செம்மண்ணுக்குள்ளாலை காத்து வராது, அண்ணை. சுவருக்கு அங்காலை வெளி இருந்தால்தான் வரும். அங்காலை என்ன கிடக்கு?"

"பங்கர்தான். ஆனா அதுக்குள்ளை ஷெல்லெல்லோ..."

"நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

ஏரம்பர் தலையை மெல்லத் திருப்பி மருமகனைப் பார்த்தார்.

பரமலிங்கத்தின் கை இடுப்புக்குப் போய், குலை வெட்டுகிற கத்தியோடு வெளியே வந்தது. ஒரே எட்டில் சின்னத்தங்கத்தின் கொண்டையைப் பிடித்துக் கழுத்தில் கத்தியை வைத்தான். "ஒருத்தரும் அசையக் கூடாது! கிடங்கை விட்டு ஏறினியோ, கொண்டக்டர், இவவின்ரை சங்கை அறுப்பன்!" கழுத்திலிருந்து ஒரு கோடு இரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

"நேற்றுப் புகைச்சட்டிக்குத் தும்பு போடேக்கை ஒரு சத்தம் கேட்டது" என்றார் ஏரம்பர். யாரோடும் கதைக்கிற குரலாக அது இருக்கவில்லை. "கரகரவெண்டு. அகிளான் எலி மண் தோண்டுது எண்டு நினைச்சன். உன்னட்டைச் சொன்னனான். நீ ஓம், அகிளான்தான் எண்டனி."

"மாமா, அங்காலை போங்கோ. என்ரை அளவுகள் சரி எண்டு அவள் கையெழுத்து வைக்கட்டும், நான் அந்தக் கடிதத்தோடை போயிடுவன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

ஏரம்பர் இடக்கையால் மண்வெட்டியை எடுத்த வேகத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. இரும்புப் பக்கம் பரமலிங்கத்தின் முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்து கால் பின்புறமாக மடங்கியது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான். கத்தி பறந்தது. கிழவர் மண்வெட்டியை மறுபடி தூக்கினார். இந்தத் தடவை தலைக்கு.

வின்சன்ற் கிடங்கிலிருந்து பாய்ந்து மண்வெட்டியைத் தகட்டில் பிடித்தான். உள்ளங்கை கிழிந்தது. அந்தத் தலை பிளப்பதைப் பார்க்க அவனுக்கும் ஆசைதான். மூன்று இரவு அதைத்தான் நினைத்துப் படுத்தான். ஆனாலும் அவன் விடவில்லை.

"அண்ணை! முதல்லை பிள்ளை! மண்வெட்டி எனக்கு வேணும்!"

முள்ளைக் காலால் மிதித்து, சிவப்புத் துணியைப் பிடுங்கி, மண்மூட்டைகளை இழுத்து, பனங்குற்றி இரண்டைக் கிழவரும் அவனுமாகப் புரட்டினார்கள். ஷெல் ஒன்றும் இல்லை. உள்ளே புகையும் மூத்திர நாற்றமும் முகத்தில் அடித்தன. ஞானாம்பிகை கிடங்குப் பக்கச் சுவரோடு சுருண்டு கிடந்தாள். மணிக்கட்டுகள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. சுவரில் ஒரு கை நுழைகிற அளவு ஓட்டை. புகை உள்ளே வராமல் அதைச் சேலைத் தலைப்பால் அடைக்கப் பார்த்திருந்தாள். கையில் ஒரு நகமும் இல்லை.

வின்சன்ற் அவள் மூக்கடியில் விரலை வைத்தான். "மாதாவே" என்று அழுதுவிட்டான். "இருக்கு அக்கா! மூச்சு இருக்கு!"

மேலே கொண்டுவந்து கிடத்தியபோது ஏரம்பர் அவளுடைய காலடியில் விழுந்து தன் காதுகளிலேயே அறைந்துகொண்டார். "இந்தக் காதாலை கேட்டனான், பிள்ளை! இந்தக் காதாலை கேட்டனான்!"

சின்னத்தங்கம் பரமலிங்கத்தைத் தும்புக் கயிற்றால் பிணைத்து முடித்துவிட்டு வந்தார். "அண்ணை, இவரை உயிரோடை வைச்சிருக்க வேணும். சனத்துக்கு முன்னாலை இவர் வாய் திறந்து சொல்ல வேணும்."

"சாக விடமாட்டன்" என்றார் ஏரம்பர். "நான் தோளிலை தூக்கி வளர்த்த பிள்ளை. நானே கொண்டுவந்து நிப்பாட்டுறன்."

காரின் பின் சீற்றில், தண்ணீர் இரண்டு மிடறு இறங்கியபின், ஞானாம்பிகை முதல் தடவையாகக் கதைத்தாள்.

"முத்துக்குமாரு அண்ணை?"

"வீட்டை இருக்கிறார், தங்கச்சி" என்றான் வின்சன்ற். "நீர் கண்ணை மூடும்."

"பொய் சொல்லாதேங்கோ. நான் அதிலை நிண்டனான். அவன் என்னைத்தான் அடிக்க வந்தவன். அண்ணை ஓடிவந்து அவன்ரை காலைக் கட்டிப் பிடிச்சவர். ஓடு பிள்ளை, ஓடு எண்டு கத்தினவர். விடடா, விடடா எண்டு அவன் அடிக்க அடிக்க, அண்ணை கையை விடேல்லை." அவளுக்கு மூச்சு முட்டியது. "நான் ஓடேல்லை. கால் வரேல்லை. பார்த்துக்கொண்டே நிண்டன்."

வின்சன்றுக்குக் கண்ணீரில் ஸ்ரியறிங் தெரியவில்லை. கண்ணைத் துடைத்தான். கிழிந்த உள்ளங்கை இரத்தம் முகமெல்லாம் பூசியது.

"செத்திட்டார், தங்கச்சி. நேற்று எரிச்சனாங்கள்."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். சின்னத்தங்கம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு விடும், கெதியா" என்றார். "பிறகு இவவின்ரை தாயைக் கூட்டி வருவம்."

"இல்லை." ஞானாம்பிகை எழும்பப் பார்த்தாள். "முதல்லை அவரின்ரை வீட்டுக்குக் காரை விடுங்கோ. அவர் எப்பிடிச் செத்தவர் எண்டு கண்டது நான் மட்டும்தான். அவரின்ரை மனுசிக்கு நான்தான் சொல்ல வேணும்."

"பிள்ளை, உமக்கு உடம்பு..."

"அக்கா" என்றான் வின்சன்ற். மூன்று வருடத்தில் சின்னத்தங்கத்தின் சொல்லை அவன் ஒருநாளும் மறித்ததில்லை. "அவ கேட்டுப்போட்டா. போவம்."

அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பாமல் காரை நேரே முத்துக்குமாருவின் வீட்டுக்கு விட்டான்.